பள்ளியில் படிக்கும்போதே காலேஜ் பாடம்: ஏபியா, டூயல் கிரெடிட்டா?

நீங்கள் கேட்டதை முதலில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திருப்பூரிலிருந்து டாலஸ் பக்கம் வந்து மூன்று ஆண்டு ஆகிறது. ஒருவர் எச்-1பி வேலை விசாவில், குடும்பம் அதைச் சார்ந்த எச்-4 விசாவில். மகள் பத்தாம் வகுப்பு. அடுத்த ஆண்டுக்கான பாடத்தேர்வுப் படிவம் வந்திருக்கிறது. அதில் சில பாடங்களுக்குப் பக்கத்தில் ஏபி என்றும், சிலவற்றுக்குப் பக்கத்தில் டூயல் கிரெடிட் என்றும் போட்டிருக்கிறது. எதை எடுப்பது என்று தெரியவில்லை. தெரிந்தவர் வீட்டுப் பையன் பள்ளி முடிக்கும்போதே 60 கிரெடிட் (காலேஜ் பட்டத்துக்குப் பாடங்களை எண்ணும் அலகு) வாங்கிவிட்டானாம், அப்படிச் செய்தால் இரண்டு ஆண்டுக் கட்டணம் மிச்சமாகுமா என்று கேட்கிறீர்கள். மகளுக்கு இன்ஜினியரிங்கா மருத்துவமா என்று இன்னும் முடிவாகவில்லை. கடைசியாக, ஏபியில் தமிழ் உண்டா என்றும் ஒரு வரி.

நான் டெக்சாஸில் ஒரு கம்யூனிட்டி காலேஜில், அதாவது உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரியில், பன்னிரண்டு ஆண்டாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். என் கால்குலஸ் வகுப்பில் இப்போது பாதிப்பேர் 16, 17 வயதுப் பிள்ளைகள். என் மூத்த மகளும் இந்த வழியாகப் போனவள்தான். அதனால் இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். இரண்டுமே நல்ல வழிகள். ஆனால் அவை இரண்டும் ஒன்றல்ல. வாங்கும் மதிப்பெண் எங்கே போய் உட்காருகிறது என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. நம் வீடுகளில் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுகிறோம்.

ஏபி, அதாவது அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட், பள்ளிப் பாடம்தான். காலேஜ் முதலாண்டுத் தரத்தில் பள்ளி ஆசிரியரே நடத்துவார். மே மாதம் காலேஜ் போர்டு என்ற அமைப்பு நாடு முழுக்க ஒரே தேர்வு வைக்கும். நம் ஊர்ப் பொதுத்தேர்வு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் 1 முதல் 5 வரை, ஜூலையில் வரும். பிள்ளை பின்னால் சேரும் பல்கலைக்கழகம் அந்த எண்ணைப் பார்த்து, இந்தப் பாடத்தை நீ மறுபடி படிக்க வேண்டாம் என்று கிரெடிட் தரலாம், தராமலும் போகலாம். டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு 2015-இல் ஒரு சட்டம் வந்தது: தொடக்கநிலைப் பாடங்களுக்கு 3 வாங்கினாலே கிரெடிட் தர வேண்டும், அதற்கு மேல் கேட்டால் ஏன் தேவை என்று ஆதாரம் காட்ட வேண்டும். மற்ற மாநிலங்களிலும் தனியார் பல்கலைக்கழகங்களிலும் அவரவர் விதி.

இது இன்று நேற்று வந்ததல்ல. 1950-களின் தொடக்கத்தில் ஃபோர்டு அறக்கட்டளை பணம் கொடுக்க, மூன்று பெரிய தனியார் பள்ளிகளும் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டனும் உட்கார்ந்து பேசினார்கள். பள்ளிக் கடைசி ஆண்டில் படித்ததையே காலேஜ் முதலாண்டில் திரும்பப் படிக்கிறார்களே என்பதுதான் அவர்கள் கவலை. 1955-இல் காலேஜ் போர்டு பொறுப்பேற்றது. அதாவது, ஏற்கெனவே மேலே இருந்த பிள்ளைகளுக்காகப் பிறந்த ஏற்பாடு இது.

டூயல் கிரெடிட் வேறு. அதில் உங்கள் மகள் உண்மையிலேயே ஒரு காலேஜில் பதிவு செய்த மாணவி ஆகிறாள். காலேஜ் அடையாள எண் வரும், காலேஜ் மின்னஞ்சல் வரும். பாடம் பள்ளிக் கட்டடத்திலேயே நடக்கலாம், காலேஜ் வளாகத்தில் நடக்கலாம், இணையத்தில் நடக்கலாம். நடத்துபவர் பள்ளி ஆசிரியராகவே இருந்தாலும், அந்தப் பாடத்தில் 18 முதுநிலைக் கிரெடிட்டாவது படித்த முதுகலைப் பட்டதாரியாக இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். ஒரே பாடம் இரண்டு இடத்தில் எண்ணப்படும், அதனால்தான் டூயல். பள்ளியில் ஓராண்டு நடக்கும் அமெரிக்க வரலாறு, காலேஜில் ஹிஸ்டரி 1301, 1302 என்று இரண்டு செமஸ்டர். இரண்டையும் முடித்தால் பள்ளிக்கும் கணக்கு, காலேஜுக்கும் 6 கிரெடிட். ஒரு மாநிலமே சட்டம் போட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலேஜ் கதவைத் திறந்துவிட்டது 1985-இல் மினசோட்டாவில். பிறகு ஒவ்வொரு மாநிலமும் தன் போக்கில் செய்துகொண்டது. அதனால்தான் கலிபோர்னியாவில் இருக்கும் உங்கள் நாத்தனார் சொல்வது ஒன்றாகவும் டெக்சாஸ் பள்ளியில் சொல்வது ஒன்றாகவும் இருக்கும். இருவர் சொல்வதும் அவரவர் ஊருக்குச் சரி.

இனி மதிப்பெண் விஷயம். ஏபி தேர்வில் 2 வந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அந்த மதிப்பெண்ணை எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பாமல் விட்டுவிடலாம். பள்ளி வகுப்பில் வாங்கிய கிரேடு பள்ளி டிரான்ஸ்கிரிப்டில், அதாவது மதிப்பெண் பதிவேட்டில், இருக்கும், அவ்வளவுதான். டூயல் கிரெடிட்டில் சி வந்தால் அது காலேஜ் டிரான்ஸ்கிரிப்டில் ஏறும். அதை அழிக்க முடியாது. அவள் பின்னால் எந்தக் காலேஜுக்கு விண்ணப்பித்தாலும் அந்தக் காகிதத்தைக் காட்ட வேண்டும். மருத்துவம் என்றால் இது இன்னும் கனமான விஷயம். மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பம் ஆம்காஸ், டெக்சாஸுக்கு டிஎம்டிஎஸ்ஏஎஸ். இரண்டுமே பள்ளியில் இருக்கும்போது எடுத்த காலேஜ் பாடங்கள் உட்பட எல்லா டிரான்ஸ்கிரிப்டையும் கேட்கும். அந்த கிரேடுகளைச் சேர்த்துத்தான் ஜிபிஏ என்ற சராசரியைப் போடும். சட்டக் கல்லூரிக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

இதை நான் வீட்டிலேயே கற்றுக்கொண்டேன். மூத்தவள் பத்தாம் வகுப்பு முடித்த கோடையில் ஒரு உயிரியல் பாடத்தை இணைய வழியில் எடுத்தாள். 16 வாரப் பாடத்தை 5 வாரத்தில் முடிப்பார்கள். அப்போதே எனக்கு மணி அடித்திருக்க வேண்டும். நடுவில் என் மாமனாரின் பீமரத சாந்தி, மதுரைக்குப் போனோம். டெக்சாஸுக்கும் மதுரைக்கும் கோடையில் பத்தரை மணி நேர வித்தியாசம். இரண்டாவது தேர்வை அவள் மண்டபத்தில் உடை மாற்றும் அறையில், பட்டுப்பாவாடையோடு, மடிக்கணினியை ஒரு பழத்தட்டின் மேல் வைத்துக்கொண்டு எழுதினாள். வெளியே நாதஸ்வரம். இடையிடையே யாராவது அத்தை கதவைத் தட்டி, "சாப்பிட வாடா கண்ணு" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். சி வந்தது. ஊருக்குப் போகும் தேதியைக் குறித்தது நான், பாடத்தைக் கோடையில் போடச் சொன்னதும் நான். ஏழு ஆண்டு கழித்து அவள் மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பும்போது, 15 வயதில் வாங்கிய அந்த சி முதல் வரியில் வந்து நின்றது. அதனால் அவள் வாழ்க்கை நின்றுபோகவில்லை. ஆனாலும் அந்த வரியைத் தட்டச்சு செய்துவிட்டு அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆகவே முதல் காலேஜ் பாடத்தைக் கோடையில் போடாதீர்கள். அறிவியல் பாடத்தைக் கோடையில் போடவே போடாதீர்கள். செமஸ்டர் தொடங்கிய பிறகு தாக்குப்பிடிக்கவில்லை என்று தெரிந்தால், டெக்சாஸில் வழக்கமான செமஸ்டருக்கு 12-ஆவது வகுப்பு நாள் என்று ஒரு கணக்கு நாள் உண்டு. அதற்குள் விலகினால் பதிவே இருக்காது. அதற்குப் பின் விலகினால் டபிள்யூ என்று விழும். ஒரு டபிள்யூ பெரிய பாவமில்லை, டி-யைவிட எவ்வளவோ மேல். ஆனால் அந்த நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள், யாரும் நினைவூட்ட மாட்டார்கள்.

அடுத்தது, 60 கிரெடிட் வாங்கிய பையன். டெக்சாஸில் ஏர்லி காலேஜ் ஹைஸ்கூல் என்று சில பள்ளிகள் இருக்கின்றன. அங்கே நான்கு ஆண்டில் பள்ளிச் சான்றிதழோடு அசோசியேட் என்ற இரண்டாண்டுப் பட்டமும் வாங்கிவிடலாம். அந்தப் பையன் அப்படி வாங்கியிருக்கலாம், கெட்டிக்காரன்தான். ஆனால் நம்மவர்கள் போடும் கணக்கு இப்படி இருக்கிறது: பட்டத்துக்கு 120 கிரெடிட், கையில் 60, மீதி 60, ஆகவே இரண்டு ஆண்டு மிச்சம். இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. பல்கலைக்கழகம் ஒரு கிரெடிட்டை ஏற்றுக்கொள்வது வேறு, அது அவளுடைய பட்டத்துக்குப் பயன்படுவது வேறு.

என் துறையிலிருந்தே ஒரு எடுத்துக்காட்டு. பள்ளிகளில் அதிகமாகத் தரப்படும் டூயல் கிரெடிட் கணக்குப் பாடம் காலேஜ் ஆல்ஜிப்ரா, மேத் 1314. இதில் ஏ வாங்கிக்கொண்டு ஒரு பெண் இன்ஜினியரிங் சேருகிறாள். பல்கலைக்கழகம் 3 கிரெடிட்டை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளும், டிரான்ஸ்கிரிப்டில் ஏற்றியும் வைக்கும். ஆனால் இன்ஜினியரிங் பட்டத்தில் கணக்கு தொடங்குவதே கால்குலஸில், மேத் 2413-இல். ஆல்ஜிப்ராவை வைப்பதற்கு அங்கே கட்டமே இல்லை. அது ஒரு ஓரத்தில் கிடக்கும். இப்படி ஓரத்தில் 20, 25 கிரெடிட் குவித்து வைத்திருக்கும் பிள்ளைகளை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன். பெற்றோருக்கு இது தெரிய வருவது சேர்க்கை முடிந்து, ஆலோசகர் முன்னால் உட்காரும்போதுதான்.

அதே சமயம் டெக்சாஸில் வீணாகவே போகாத பாடங்கள் சிலவும் உண்டு. மாநில அரசுப் பல்கலைக்கழகம் எதிலும், எந்தப் பட்டத்துக்கும், அமெரிக்க வரலாறு 6 கிரெடிட்டும் அரசியல் 6 கிரெடிட்டும் சட்டப்படி படித்தாக வேண்டும். இன்ஜினியர் ஆனாலும் சரி, இசை படித்தாலும் சரி. ஆக ஹிஸ்டரி 1301, 1302, கவர்ன்மென்ட் 2305, 2306 இந்த நான்கும் அவள் எங்கே போனாலும், அதாவது டெக்சாஸுக்குள் எங்கே போனாலும், ஒரு கட்டத்தில் போய் உட்காரும். இங்கிலீஷ் 1301-ம் அப்படியே. மாநிலம் முழுவதற்கும் பொதுவாக, கோர் என்ற 42 கிரெடிட் அடிப்படைப் பாடத் தொகுப்பு ஒன்று இருக்கிறது, இவை அதன் பகுதிகள். அந்த 42-ஐயும் முடித்துவிட்டால் மற்ற அரசுக் கல்லூரிகள் மொத்தமாக ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் சொல்கிறேன், பள்ளியில் பாடத்தேர்வுக்கு வழிகாட்டும் கவுன்சலர்களே சில சமயம் விட்டுவிடுவார்கள். கவர்ன்மென்ட் 2306 என்பது டெக்சாஸ் மாநில அரசியல். ஏபி அமெரிக்க அரசியல் தேர்வில் 5 வாங்கினாலும் டெக்சாஸ் அரசியல் சட்டம் அதில் வராது. ஆகவே அந்தப் பகுதியைத் தனியாக ஏதாவது ஒரு வழியில் முடிக்க வேண்டியிருக்கும். மறுபக்கம், அவள் வெளி மாநிலத்துக்குப் போய்விட்டால் டெக்சாஸ் அரசியல் படித்த 3 கிரெடிட்டை வைத்துக்கொண்டு அங்கே பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

வெளி மாநிலம் என்றதும் பெரிய பெயர்கள் நினைவுக்கு வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். கால்டெக் ஏபிக்குக் கிரெடிட் தருவதில்லை. டார்ட்மத் 2018-இல் பட்டம் பெறும் அணியிலிருந்து நிறுத்திவிட்டது. எம்ஐடி, ஏபியின் கால்குலஸ் பிசி தேர்வில் 5 வாங்கினால் முதல் கால்குலஸ் பாடத்துக்குக் கிரெடிட் தரும், ஆனால் வேதியியலுக்கும் உயிரியலுக்கும் ஏபியை வைத்துத் தராது. பள்ளிப் பட்டத்துக்காக எண்ணப்பட்ட காலேஜ் பாடத்தை நாங்கள் மறுபடி எண்ண மாட்டோம் என்று சொல்லும் தனியார் பல்கலைக்கழகங்களும் நிறைய உண்டு. அங்கெல்லாம் இந்தப் பாடங்கள் சேர்க்கைக்கு உதவும், கட்டணத்துக்கு உதவாது. கடினமான பாடத்தை எடுத்தாளா, தன் பள்ளியில் கிடைத்ததில் எவ்வளவு தூரம் போனாள் என்றுதான் பார்ப்பார்கள்.

இன்ஜினியரிங்கில் இன்னொரு சிக்கல், பாடங்கள் சங்கிலியாக வரும். கால்குலஸ் முடித்தால் இயற்பியல், இயற்பியல் முடித்தால் ஸ்டாடிக்ஸ், அது முடித்தால் அடுத்தது என்று ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போகும். வரலாறும் ஆங்கிலமும் முன்கூட்டியே முடிந்திருந்தாலும் இந்தச் சங்கிலியின் நீளம் குறையாது. கால்குலஸ் ஒன்றும் இரண்டும் முடித்துப் போனால் ஒரு செமஸ்டர், கூடினால் ஓராண்டு குறையும். மற்றபடி மிச்சமாவது செமஸ்டருக்கு 15 கிரெடிட் என்ற பாரம் 12 ஆவதுதான். அதைக் குறைவாக நினைக்காதீர்கள். இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டில் ஒரு பாடம் குறைவாக இருந்தால் பிள்ளை தூங்கும், ஆய்வகத்தில் வேலை கேட்கும், நண்பர்களோடு நாலு வார்த்தை பேசும். மனிதவியல், பொருளாதாரம், வணிகம் மாதிரியான பட்டங்களில் மூன்று ஆண்டில் முடிப்பது உண்மையாகவே நடக்கிறது.

எச்-4 பிள்ளைகளுக்கு இதில் வேறொரு கோணமும் இருக்கிறது. கூட்டாட்சி அரசின் கல்வி உதவித்தொகை அவர்களுக்குக் கிடையாது. 21 வயது ஆனால் எச்-4 போய்விடும். அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் எஃப்-1 மாதிரி வேறொரு விசாவுக்கு மாற வேண்டும். 17 வயதில் பள்ளி முடித்து மூன்று ஆண்டில் பட்டம் வாங்கினால் 21-க்கு முன்பே படிப்பை முடித்துவிடலாம். சில குடும்பங்கள் இதற்காகவே கிரெடிட் சேர்க்கின்றன, அவர்களைத் தவறு சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டுக்கு இது பொருந்துமா என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள், என்னிடம் வேண்டாம்.

ரேங்க் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் டெக்சாஸில் அதை விட முடியாது. 1997 சட்டப்படி, பள்ளியில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தால் அரசுப் பல்கலைக்கழகங்களில் சேர்க்கை தானாக உண்டு. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் மட்டும் தன் வரம்பை இறுக்கிக்கொண்டே வந்து, 2026-இல் சேர்பவர்களுக்கு 5 சதவீதம் என்று வைத்திருக்கிறது. ரேங்க் போடும்போது ஏபிக்கு எவ்வளவு கூடுதல் எடை, டூயல் கிரெடிட்டுக்கு எவ்வளவு என்பது ஒவ்வொரு பள்ளி மாவட்டத்துக்கும் மாறும். சில இடங்களில் இரண்டுக்கும் சமம், சில இடங்களில் டூயல் கிரெடிட்டுக்குக் குறைவு. கவுன்சலரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். நம் ஊரில் கட்-ஆஃபில் அரை மதிப்பெண்ணுக்கு அலைந்தவர்கள் நாம், இது எளிதாகப் புரிந்துவிடும்.

இனி வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். போன ஆண்டுக்கு முந்தைய இலையுதிர் செமஸ்டரில் ஒரு பையன் முதல் வரிசையில் உட்காருவான். நம் ஊர்ப் பிள்ளை. முதல் நாள் நான் சிலபஸைப் படித்துக் காட்டினேன்: இரண்டு இடைத்தேர்வு, ஒரு இறுதித்தேர்வு, வீட்டுப்பாடத்துக்குப் பத்து சதவீதம்தான், தாமதமாக வந்தால் வாங்க மாட்டேன், மறுதேர்வு கிடையாது. எல்லோரும் தலையாட்டினார்கள். ஆறாவது வாரம் முதல் தேர்வில் அவனுக்கு 54. அன்றிரவு அவன் முகவரியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நான்கு பத்தி. பள்ளியில் அவன் எப்போதும் 98-க்குக் குறைந்ததில்லை, திருத்தியதை மறுபடி பார்க்க முடியுமா, கூடுதல் மதிப்பெண்ணுக்கு ஏதாவது எழுதித் தரலாமா என்று. படித்ததுமே இதை எழுதியது ஒரு அம்மா என்று தெரிந்துவிட்டது. அந்த அன்பும் அந்தப் பதற்றமும் எனக்குப் பழக்கமானவை. நான் ஒரே வரி பதில் போட்டேன்: நாளைக்கு மூன்று மணிக்கு நோட்டை எடுத்துக்கொண்டு அறைக்கு வா.

வந்தான். நோட்டு அவ்வளவு அழகு. கணக்குக்குக் கறுப்பு மை, சூத்திரத்துக்குச் சிவப்பு, விடைக்குப் பச்சை. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியதே அதைப் பார்த்துத்தான். "இதெல்லாம் நீயாகப் போட்டதா, எங்காவது பார்த்து எழுதியதா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, பார்த்து எழுதியது என்றான். ஒரு வெற்றுத்தாளைக் கொடுத்து ஒரே ஒரு கணக்கைப் போடச் சொன்னேன். இரண்டாவது வரியில் நின்றான். நின்ற இடத்தில் ஒரு வட்டம் போட்டேன். "இங்கேதான் உனக்குத் தெரியவில்லை. தெரியாத இடத்தை எனக்குக் காட்டு, அதுதான் நீ இங்கே வருவதற்குக் காரணம்." அதன்பிறகு வாரா வாரம் வந்தான், கசங்கிய தாள்களோடு. நோட்டு அழகு போய்விட்டது. கடைசியில் பி வாங்கினான். டிசம்பரில் அவனே எழுதிய மின்னஞ்சல் வந்தது, இரண்டே வரி, ஒரு எழுத்துப் பிழையோடு.

அந்த அம்மாவுக்கு நான் நேரடியாகப் பதில் எழுதவே முடியாது, இதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1974-இல் வந்த ஃபெர்ப்பா என்ற சட்டப்படி, பிள்ளை காலேஜ் பாடம் எடுத்துவிட்டால் அந்தக் காலேஜ் பதிவுகளின் உரிமை வயது எதுவானாலும் பிள்ளைக்குத்தான். 16 வயதுப் பெண்ணின் மதிப்பெண்ணை அவளுடைய அனுமதி இல்லாமல் பொதுவாக அம்மாவிடம் நான் பேசக் கூடாது. பள்ளிக்குப் போய்ச் சேரும் பதிவைப் பள்ளியில் நீங்கள் பார்க்கலாம். ஆனால் பேராசிரியரைக் கூப்பிட்டுப் பேசுவது, பெற்றோர் சந்திப்பு, டைரியில் கையெழுத்து, இதெல்லாம் இங்கே இல்லை. நம் பிள்ளைகளில் பலருக்கு முதல் முறையாக அம்மா அப்பா இல்லாமல் ஒரு பெரியவரிடம் போய், "எனக்கு இது புரியவில்லை" என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். அதைச் சொல்லத் தெரிந்த பிள்ளை டூயல் கிரெடிட்டுக்குத் தயார். தேர்வில் எத்தனை வாங்குகிறாள் என்பதைவிட நான் இதைத்தான் பார்ப்பேன். வீட்டில் சின்னதாகச் சோதித்துப் பாருங்கள்: பல் மருத்துவரிடம் நேரம் வாங்குவது, பள்ளியில் ஒரு படிவத்தில் வந்த தவறைத் திருத்திக் கேட்பது, இந்த மாதிரி ஒரு காரியத்தை அவளிடமே விடுங்கள். செய்து முடித்தால் அனுப்புங்கள். தள்ளிப்போட்டால் ஓராண்டு பொறுங்கள், ஒன்றும் கெட்டுவிடாது.

அடித்தளம் இல்லாமல் மேலே ஏற்றுவது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் கார்ஃபீல்டு பள்ளியில் ஹைமே எஸ்கலாந்தே என்ற ஆசிரியர் இருந்தார், பொலிவியாவிலிருந்து வந்தவர். 1982-இல் அவருடைய மாணவர்கள் 18 பேர் ஏபி கால்குலஸ் தேர்ச்சி பெற்றார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகள். தேர்வு நடத்தியவர்களுக்கே சந்தேகம் வந்து 14 பேரின் விடைகளைக் கேள்வி கேட்டார்கள். 12 பேர் மறுபடி எழுதினார்கள், 12 பேரும் தேறினார்கள். இந்தக் கதையை எல்லோரும் ஒரு வகுப்பில் நடந்த அற்புதமாகச் சொல்வார்கள். கணக்கு ஆசிரியருக்கு அதில் தெரிவது வேறு. அவர் அந்தப் பள்ளிக்கு வந்தது 1974-இல். அதற்குள் எட்டு ஆண்டு ஆகியிருந்தது. கீழ் வகுப்புகளில் ஆல்ஜிப்ராவையும் டிரிக்னாமெட்ரியையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டே வந்தார். பிறகு கோடையில் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் அந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பு வைத்தார். உங்கள் மகளுக்கு ப்ரீகால்குலஸ் ஆட்டம் கண்டிருந்தால், கால்குலஸை எந்தப் பெயரில் எடுத்தாலும் ஆட்டம்தான். அதை உறுதியாக்கிக்கொண்டு ஓராண்டு கழித்து எடுப்பது பின்தங்குவது இல்லை.

பணம் பற்றிச் சுருக்கமாக. ஏபி தேர்வு ஒன்றுக்கு இப்போது 99 டாலர், பள்ளி மூலம் பதிவு செய்ய நவம்பர் நடுவில் கடைசி நாள். பள்ளிகள் அதற்கு முன்பே பணம் வாங்கிவிடும். பாடத்தைப் பள்ளியில் எடுக்காமல் தேர்வை மட்டும் எழுதவும் வழியுண்டு. டூயல் கிரெடிட் கட்டணம் காலேஜுக்குக் காலேஜ் மாறும், பெரும்பாலும் பல்கலைக்கழகக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் சொற்பம். டெக்சாஸில் 2023-இல் வந்த சட்டப்படி, முந்தைய நான்கு ஆண்டில் எப்போதாவது இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி பெற்றிருந்த பிள்ளைகளுக்கு, திட்டத்தில் சேர்ந்த காலேஜ்களில் இலவசம். உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள். கூச்சப்பட்டு யாரும் கேட்பதில்லை.

சரி, உங்கள் மகளுக்கு என்ன? என் மகளாக இருந்தால் பதினொன்றாம் வகுப்பில் வரலாற்றை டூயல் கிரெடிட்டாக எடுக்கச் சொல்வேன், ஹிஸ்டரி 1301, 1302. இன்ஜினியரிங் ஆனாலும் மருத்துவம் ஆனாலும் டெக்சாஸில் வேண்டியது. படிக்கவும் எழுதவும் பழகும், கிரேடு கீழே போகும் ஆபத்தும் அறிவியலைவிடக் குறைவு. அறிவியலையும் கணக்கையும் ஏபியில் வைத்துக்கொள்வேன். சறுக்கினால் அந்த மதிப்பெண்ணைக் கீழே போட்டுவிடலாம், நன்றாக வந்தால் எடுத்துக்கொள்ளலாம். மருத்துவம் என்று முடிவானால், ஏபியில் வேதியியலும் உயிரியலும் நன்றாக எழுதினாலும் அந்தக் கிரெடிட்டை வைத்துத் தாண்டிப் போகாமல், பல்கலைக்கழகத்தில் அவற்றை மறுபடி முறையாகப் படிப்பது நல்லது என்பது என் எண்ணம். முதலாண்டில் நல்ல கிரேடு வரும், எம்கேட் என்ற மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கும் அடித்தளம் ஆகும். பன்னிரண்டில் இங்கிலீஷ் 1301-ம் கவர்ன்மென்ட்டும் டூயல் கிரெடிட்டாகப் போகலாம். மொத்தம் 12 முதல் 15 கிரெடிட் வரும். 60-ஐப் பார்த்து ஏங்க வேண்டாம்.

பள்ளியில் படிவம் கொடுப்பதற்கு முன், அவள் போக நினைக்கும் இரண்டு மூன்று பல்கலைக்கழகங்களின் பட்டத் திட்டப் பக்கத்தை அவளையே அச்செடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு செமஸ்டருக்கும் என்னென்ன பாடம் என்று கட்டம் கட்டி இருக்கும். எடுக்க நினைக்கும் ஒவ்வொரு பாடத்தையும் பென்சிலால் ஒரு கட்டத்தில் எழுதட்டும். கட்டம் கிடைக்காத பாடத்தை எடுக்க வேறு காரணம் இருக்கிறதா என்று அப்போது பேசுங்கள். பிடித்திருக்கிறது என்பதும் நல்ல காரணம்தான். டூயல் கிரெடிட்டுக்குச் சேர டிஎஸ்ஐ என்ற தகுதித் தேர்வு எழுத வேண்டியிருக்கும், எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வின் மதிப்பெண் போதுமான அளவு இருந்தால் விலக்கு உண்டு. எப்போது எழுதலாம் என்று கவுன்சலரிடம் கேட்டு வைத்துக்கொள்ளட்டும். அவள்தான் கேட்க வேண்டும்.

கடைசியாக, ஏபியில் தமிழ். இல்லை. ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், சீனம், ஜப்பானியம், லத்தீன் இவைதான். லத்தீனுக்கு இடம் இருக்கும்போது தமிழுக்கு இல்லையே என்று எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் சில பல்கலைக்கழகங்கள் ஏபி பட்டியலில் இல்லாத மொழிகளுக்கும் தாங்களே ஒரு தேர்வு வைத்து, மொழிப்பாடத்தைத் தாண்ட விடுகின்றன, கிரெடிட்டும் தருகின்றன. அவள் தமிழை எழுதப் படிக்க வைத்திருந்தால், சேர்ந்த முதல் வாரத்திலேயே மொழித்துறையில் போய் அதைக் கேட்கச் சொல்லுங்கள்.